கொல்லைத் தொட்டியில் கீரையும் கிழங்கும்: நீர்ச்செடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று சிமென்ட் தொட்டிகள் இருக்கின்றன. கிணற்றுக்கு இறக்கும் உறைதான், அடியில் பூசி அடைத்துத் தொட்டியாக்கிக்கொண்டோம். ஒன்றில் வள்ளைக்கீரை, ஒன்றில் தாமரை, மூன்றாவதில் கைக்குக் கிடைத்ததெல்லாம். வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை, அவர்கள் கேட்கிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

கொசு வராதா?

மீன் விடாவிட்டால் கட்டாயம் வரும். நம் ஊர் வெயிலில் கொசு முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும், அதுவும் டெங்கு பரப்புகிற கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். அதனால் செடி வைப்பதற்கு முன்பே மீன். நான்கைந்து கப்பி மீன் விட்டால் போதும், இரண்டு மாதத்தில் அதுவே பெருகிக்கொள்ளும். வயல் வாய்க்காலில் நீர்மட்டத்தை ஒட்டி நீந்துகிற, தலையில் வெள்ளிப்பொட்டு மின்னுகிற குட்டி மீன் கிடைத்தால் இன்னும் நல்லது, அது நம் ஊர் மீன். கப்பி வெளிநாட்டு மீன் என்பதால் மிஞ்சியதை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள்.

ஒரு விஷயம் நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். கீரை பாய் விரித்த மாதிரி மண்டிவிட்டால் மீன் உள்ளே புகமுடியாது, அந்த இடுக்கில் கொசுப்புழு சுகமாக வளரும். வாரம் ஒருமுறை அறுத்து இடைவெளி விட்டால் கொசுவும் இல்லை, கீரையும் கிடைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, மருந்து தெளிப்பது எதுவும் வேண்டாம், இது நாம் சாப்பிடப்போகிற தண்ணீர்.

எவ்வளவு இடம் வேண்டும்?

3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள வட்டத் தொட்டி ஒரு குடும்பத்துக்குக் கீரைக்குப் போதும். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 300 லிட்டர் பிடிக்கும். மொட்டை மாடியில் வைக்கலாமா என்பவர்களுக்கு: அது தண்ணீர் மட்டுமே 300 கிலோ, மேலே மண்ணும் தொட்டியும். பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். தொட்டிக்குச் செலவு செய்ய மனமில்லையென்றால் தரையில் குழி தோண்டி, மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்ப்பவர்கள் போடுகிற கனமான தார்ப்பாயை விரித்துக்கொள்ளலாம், எலியும் பெருச்சாளியும் ஓட்டை போடாத வரைக்கும் நன்றாகவே இருக்கும்.

வெயில்? தாமரை, அல்லி இரண்டுக்கும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். முருங்கை நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருத்தப்படக் கூடாது. வல்லாரையும் சேம்பும் அரை நிழலில் ஒத்துக்கொள்ளும்.

புதுச் சிமென்ட் தொட்டியில் விட்ட மீன் எல்லாம் செத்துவிட்டதே?

சிமென்டிலிருந்து சுண்ணாம்பு ஊறித் தண்ணீர் காரமாகிவிடுகிறது. புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வாழை மட்டையை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள், இதையே மூன்று தடவை செய்யுங்கள், தேய்த்தும் கழுவுங்கள். அப்புறம் இரண்டு மீனை மட்டும் விட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீராக இருந்தால் வாளியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது, குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

என்ன மண் போடுவது?

களிமண். ஏரி வண்டல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மாடித் தோட்டத்துக்கென்று விற்கிற தேங்காய்நார்க் கழிவு கலந்த மண்ணைப் போட்டால் அத்தனையும் மிதந்து வந்து தண்ணீர் காபி நிறமாகிவிடும் (முதல் தொட்டியில் நான் செய்த காரியம் அது). நன்றாக மக்கிய எரு இரண்டு கை அடியில் போட்டு, அதன்மேல் அரை அடி களிமண், அதற்கும் மேலே மண் கலங்காமல் இருக்க ஒரு விரற்கடை ஆற்றுமணல். பச்சைச் சாணம் போட்டால் தண்ணீர் அழுகி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். புண்ணாக்கு போடலாமா என்று கேட்பார்கள். இலுப்பைப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், மீன் பண்ணைக்காரர்கள் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லுவதற்கே அதைத்தான் போடுகிறார்கள்.

எந்தச் செடியில் ஆரம்பிக்கலாம்?

எல்லாருக்கும் தாமரைமேல்தான் கண். என் பேச்சைக் கேட்டால் முதல் வருடம் வள்ளைக்கீரை மட்டும் வையுங்கள். இலங்கைத் தமிழர்கள் கங்குங் என்பார்கள், மலேசியாவில் கங்கோங். உள்ளே குழாய் மாதிரித் துளையுள்ள தண்டு, அம்பு முனை போல நீண்ட இலை, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ குழல் பூ. சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம்.

இதில் இரண்டு வகை. விதைப் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் மேட்டு நிலத்தில் விதைக்கிற மெல்லிய இலை வகை, அது தொட்டிச் சேற்றிலும் வரும், ஆனால் ஓரிரு அறுப்போடு களைத்துவிடும். குளத்தில் மிதந்து படர்கிற, தண்டில் கொஞ்சம் செம்மை ஓடுகிற வகைதான் தொட்டிக்கு ஏற்றது, அதை விதையாகத் தேடாதீர்கள், தண்டாக வாங்குங்கள். ஒரு சாண் தண்டில் நாலு கணு இருந்தால் இரண்டு கணுவைச் சேற்றில் புதைத்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிறுத்துங்கள். நாலைந்து நாளில் கணுவெல்லாம் வேர்விடும். ஒரு மாதத்தில் முதல் அறுப்பு. அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் கிளைத்துக் கிளைத்து வரும், வெயில் காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கைநிறையக் கிடைக்கும், மார்கழி தையில் கொஞ்சம் சோம்பும்.

சமையலில் பெரிய வித்தை இல்லை. தண்டைத் தனியாக நறுக்கி முதலில் போட்டு, இலையைக் கடைசியில் போட்டு, பூண்டும் காய்ந்த மிளகாயும் தட்டிப்போட்டு அதிக தீயில் இரண்டு நிமிடம். மூடிவைத்தால் கறுத்துப்போகும். பாசிப்பருப்பு போட்டுக் கடைந்தாலும் நன்றாக இருக்கும்.

ஏரிக்கரையில் பறிக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கேயே நெய்வேலிக் காட்டாமணக்கும் நிற்கும். அதுவும் இதே இனந்தான், பூவும் ஏறக்குறைய அதே குழல் வடிவம், ஆனால் விஷம், ஆடு தின்று தொடர்ந்தால் நடை தள்ளாடும். அது கட்டைத்தண்டோடு புதராக ஆள் உயரம் நிற்கும், வள்ளை தண்ணீர்மேல் படுத்துக் கிடக்கும்.

தாமரை வைத்தால் கிழங்கு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கடையில் பார்க்கிற மாதிரி இருக்காது. நம் பக்கம் கோயில் பூவுக்காக வளர்க்கிற தாமரைக்குக் கிழங்கு விரல் பருமன்தான். காஷ்மீரத்தில் தால் ஏரியில் எடுத்து 'நத்ரு' என்று சமைக்கிறார்களே, கிழக்காசியாவில் கை கனத்துக்கு வருகிறதே, அதெல்லாம் வேறு ரகம், நாள்பட்ட ஆழமான சேறு. கிழங்குதான் குறி என்றால் நர்சரிக்காரரிடம் கிழங்கு ரகம் என்று கேட்டு வாங்குங்கள், பூ ரகத்தை வைத்துவிட்டுத் தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். மளிகைக் கடையில் 'தாமரைத் தண்டு வத்தல்' என்று விற்கிற துளைத்துளையான வட்டங்களும் உண்மையில் தண்டு இல்லை, சேற்றுக்குள் கிடையாக ஓடுகிற கிழங்குதான்.

தொட்டி வட்டமாக இருக்கட்டும். தாமரையின் கொடி சேற்றுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும், சதுரத் தொட்டியில் மூலையில் முட்டிக்கொண்டு நுனி கருகிவிடும். அந்த நுனிதான் செடியின் உயிர். நடும்போதும் கிழங்கைப் படுக்கவைத்து நுனி மட்டும் லேசாக மேலே தெரிகிற மாதிரி வையுங்கள், நுனி ஒடிந்துவிட்டால் அந்தக் கிழங்கைச் சமைத்துச் சாப்பிட்டுவிட வேண்டியதுதான். முதலில் தண்ணீர் நாலு விரல் போதும். முதலில் வரும் இலைகள் மிதக்கும், பிறகு தண்ணீரைவிட்டு எழுந்து நிற்கும் இலை வரும், அதற்கப்புறம்தான் உரம். அதற்கு முன் உரம் போட்டால் வேர் வெந்துவிடும்.

மாசி வாக்கில் இலை மஞ்சளாகிக் காயும்போது தோண்டலாம். காய்ந்த இலைக்காம்பைத் தண்ணீருக்கு மேலே அறுங்கள். காம்பு வழியாகத்தான் கிழங்குக்குக் காற்று போகிறது, தண்ணீருக்குள் அறுத்தால் உள்ளே தண்ணீர் இறங்கி அழுகும். எடுக்கும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடாமல் நுனியுள்ள இரண்டு துண்டை மறுபடி வையுங்கள். துளைக்குள் இருக்கும் சேற்றைக் கழுவுவது பெரிய வேலை, நீளவாக்கில் பிளந்து கழுவினால் சுலபம்.

விதையிலிருந்து தாமரை வருமா? நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன்.

ஓடு உரிக்காமல் கறுப்பாக, கல் போல இருந்தால் வரும். பூஜைக் கடைத் தாமரைமணி மாலையைப் பிரித்துப் போடாதீர்கள், அது துளை போட்டது. விதையின் ஒரு முனையில் சின்னக் கூர், மறுமுனையில் லேசான குழி. குழியுள்ள பக்கத்தைச் சொரசொரப்பான சிமென்ட் தரையில் உள்ளே வெளுப்பு தெரிகிறவரை தேய்த்து, தண்ணீரில் போட்டுத் தினமும் தண்ணீரை மாற்றினால் ஒரு வாரத்துக்குள் முளை வரும். தேய்க்காமல் போட்டால் உங்கள் பேரன் காலத்தில் முளைக்கலாம்! சீனாவின் வடகிழக்கில் வற்றிப்போன ஏரிப்படுகையிலிருந்து எடுத்த சுமார் 1300 வருடப் பழைய தாமரை விதைகூட ஓட்டை உரசியதும் முளைத்திருக்கிறது. விதையில் வந்த செடி தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்ற உறுதி இல்லை, பூக்கவும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம்.

விதையைச் சாப்பிடவும் செய்யலாம். பச்சைக் காயிலிருந்து எடுத்து ஓட்டையும் நடுவிலிருக்கும் பச்சைக் குருத்தையும் நீக்கிவிட்டால் பருப்பு இனிப்பாக இருக்கும், அந்தக் குருத்துதான் கசப்பு.

இடையில் ஒன்று. 'தாமரை விதைப் பொரி' என்று விற்கிற மக்கானா தாமரையே இல்லை. பீகாரில் குளங்களில் வளர்கிற, இலையெல்லாம் முள்ளாக இருக்கிற வேறொரு நீர்ச்செடியின் விதை அது. மிதிலை மக்கானாவுக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உங்கள் தாமரை விதையை வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் அப்படிப் பொரியாது.

அல்லி?

கிழங்கை அவித்துச் சாப்பிடலாம், விதையை அரிசி போலச் சமைப்பதும் உண்டு. தொட்டியில் கிடைப்பது ஒரு வாய் அளவுதான், நான் பூவுக்காகத்தான் வைத்திருக்கிறேன். தாமரைக்கும் அல்லிக்கும் குழம்புகிறவர்கள் இலையைப் பாருங்கள்: அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும், தாமரை இலை முழு வட்டம், தண்ணீர் ஒட்டாது. நர்சரியில் விற்கிற கலப்பின அல்லிகளைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள், என்ன மருந்து அடித்தார்களோ.

குளத்தில் பொன்னாங்கண்ணி நிறைய இருக்கிறது, கொண்டுவந்து வைக்கலாமா?

அது பொன்னாங்கண்ணிதானா என்று முதலில் பாருங்கள். நாட்டுப் பொன்னாங்கண்ணியில் வெள்ளைப் பூ இலைக்கக்கத்தில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே சாயலில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு களை இருக்கிறது, அதில் பூ தனியாக ஒரு காம்பின் நுனியில் வெள்ளைப் பந்து போல நிற்கும், தண்டு தடித்து உள்ளே வெற்றாக இருக்கும், குளத்தையே மூடிவிடும். சாக்கடை கலக்கிற நீர்நிலைகளில் பெரும்பாலும் மண்டிக்கிடப்பது அதுதான்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர்கள் பொன்னாங்கண்ணி என்று நினைத்து இந்தக் களையைப் பல வருடம் கொல்லையில் வளர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். 1990களில் அதிகாரிகள் கண்டுபிடித்து, வீடு வீடாகப் போய்ப் பிடுங்கி, அதற்குப் பதிலாக வேறு கீரையைக் கொடுத்துப் பழக்க வேண்டியிருந்தது. அதனால் பூக்காத செடியை நம்பிக் கொண்டுவராதீர்கள். பூ வரட்டும், பார்த்துவிட்டுப் பறியுங்கள்.

சரியான பொன்னாங்கண்ணி கிடைத்தால் தொட்டி விளிம்பில், சேறும் தண்ணீரும் சேருகிற இடத்தில் வையுங்கள், முழுக்க மூழ்க வேண்டாம்.

வல்லாரை, நீர்ப்பிரம்மி, ஆரைக்கீரை?

மூன்றும் விளிம்புச் செடிகள்தான். வல்லாரையையும் நீர்ப்பிரம்மியையும் ஒன்றென்றே பலர் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வல்லாரை இலை ஒரு பக்கம் வெட்டுள்ள வட்டம், துவையலுக்கு. நீர்ப்பிரம்மி இலை சின்னதாக, தடித்து, கடும் கசப்பாக இருக்கும், கீரையாகத் தினமும் சமைக்கிற சாதி இல்லை. ஆரைக்கீரை நெல்வயலில் நாலு இதழாக நிற்கும், பூக்காது, ஏனென்றால் அது பெரணி. தொட்டியில் ஒருமுறை பிடித்துக்கொண்டால் போகாது, கிள்ளிக்கொண்டே இருங்கள்.

சேம்பு நாக்கை அரிக்கிறதே?

இலையிலும் தண்டிலும் கிழங்கிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகம் இருக்கிறது, அதுதான் அரிப்பு. நன்றாக வேகவைத்து, புளி சேர்த்துச் சமைத்தால் அடங்கும். அடங்காத ரகமும் உண்டு, அதைத் திட்டிக்கொண்டே சாப்பிடாமல் பிடுங்கிப் போட்டுவிட்டு, சாப்பிடுகிறவர் வீட்டிலிருந்தே ஒரு கிழங்கு கேட்டு வாங்கி நடுங்கள். அழகுச் செடியாக விற்கிற கறுப்பு இலைச் சேம்பைச் சமைக்க வேண்டாம்.

சிங்காரா வளர்க்க முடியுமா?

வடக்கே குளங்களில் வளர்கிற கொம்பு வைத்த காய், விரதத்துக்கு மாவாக அரைப்பார்கள். வெயிலும் சேறும் நம் ஊரிலும் போதும். சிக்கல் விதையில். காய்ந்துவிட்டால் முளைக்காது, தண்ணீரிலேயே வைத்திருந்த காயாக வேண்டும். அதனால் வட இந்தியாவிலிருந்து தபாலில் வருகிற காய்ந்த காயை வாங்கி ஏமாறாதீர்கள். நான் இரண்டு தடவை ஏமாந்தேன்.

இந்தக் கீரைகளைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

வேண்டாம். தண்ணீரில் வளர்கிற எதையும் வேகவைக்காமல் சாப்பிடக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. நத்தைக்குள் வளர்ந்து வெளிவரும் ஒரு தட்டைப்புழு இந்தச் செடிகளின் தண்டிலும் இலையிலும் சிங்காராக் காயின் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். உத்தரப்பிரதேசம், பீகார், அசாம் பக்கம் குடலில் அந்தப் புழு வந்தவர்கள் இருக்கிறார்கள், காயைப் பல்லால் கடித்து உரிப்பது அதற்கு ஒரு வழி. பன்றியோ மாடோ மனிதக் கழிவோ சேராத வீட்டுத் தொட்டியில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நத்தை செடியோடு சேர்ந்து வந்துவிடும், காக்கை எச்சமும் விழும். உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினிகர் எதுவும் இதற்கு ஈடாகாது. கொதிக்கவையுங்கள், அவ்வளவுதான்.

துவைத்த தண்ணீரைத் தொட்டியில் விடலாமா?

வாழைக்கு விடுங்கள். இந்தச் செடிகள் தண்ணீரில் இருப்பதை எல்லாம் உறிஞ்சுகிற சாதி, குறிப்பாக வள்ளைக்கீரை ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் இழுத்து இலையில் சேர்க்கும். இதே காரணத்தால் வெளியிலிருந்து எடுத்துவந்த தண்டை நட்டால் முதல் இரண்டு அறுப்பைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து சமைக்கிறேன்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது.

பாசி. மாற்ற மாற்ற மறுபடி வரும், ஏனென்றால் புதுத் தண்ணீரிலும் மண்ணிலும் அதற்குச் சாப்பாடு இருக்கிறது. தண்ணீர்ப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இலையால் மூடினால் வெயில் கிடைக்காமல் தானே தெளியும். அதுவரை பொறுமை. அசுவினி வந்தால் குழாயால் பீய்ச்சி அடியுங்கள், மீன் தின்னும்.

வெங்காயத்தாமரை அழகாக இருக்கிறதே, ஒன்று போடலாமா?

போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிறோம், வள்ளைக்கீரை வைக்கலாமா?

அமெரிக்காவில் இது மத்திய அரசின் தீங்குக்களைப் பட்டியலில் இருக்கிறது, விதையோ தண்டோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். மற்ற நாடுகளிலும் உள்ளூர் விதியைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். குளிர் நாட்டில் இது கோடைப் பயிர் மட்டுமே, உறைபனியில் செத்துவிடும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

அப்படியென்றால் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள். முடியாது என்றால் தொட்டிமேல் கனமான இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள். ஒரு சாண் தண்ணீர் போதும் விபத்துக்கு, கண் சிமிட்டுகிற நேரந்தான்.

மே மாதம் ஊருக்குப் போய்விடுவோம், செடி என்ன ஆகும்?

கடும் வெயிலில் என் தொட்டி ஒன்று தினமும் ஐந்து ஆறு லிட்டர் குடிக்கிறது, ஒரு மாதம் விட்டால் பாதிக்கு மேல் வற்றும். மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள், வற்றி நிற்கும் தண்ணீரையும் கவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் இல்லாத வீட்டில் கொசுப்பண்ணை நடக்கும். வள்ளை காய்ந்துபோகும், திரும்பி வந்து புதுத்தண்டு நடலாம். தாமரைக் கிழங்குக்குச் சேறு ஈரமாக இருக்க வேண்டும், மேலே வைக்கோலும் ஈரச்சாக்கும் போட்டு யாரையாவது வாரம் ஒரு குடம் ஊற்றச் சொல்லுங்கள்.

கொட்டி என்கிற நீர்க்கிழங்குச் செடிக்கும் அல்லிக்கும் அந்தக் கவலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாட்டில் குளம் வற்றினாலும் விட்டுப்போகாத உறவுக்கு உவமையாக வருமே, அதே கொட்டிதான். கிழங்கு காய்ந்த சேற்றுக்குள் கிடக்கும், மழை பெய்ததும் இலை விடும். அந்தக் கிழங்கைச் சுட்டுத் தின்றால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். போன வருடம் நான் செத்துவிட்டது என்று மூன்றாவது தொட்டியைக் கவிழ்க்கப் போனேன், ஆவணி மழைக்குப் பிறகு பார்த்தால் ஒன்பது இலை.